பிரிட்டிஷ் பிரதமரின் அதிகாரத்தை எதைக் கொண்டு அளப்பது?

கேள்வி: நான் அரசறிவியல் முதுகலை மாணவி. பாடநூல்கள் பிரிட்டிஷ் பிரதமரைச் 'சமமானவர்களுள் முதல்வர்' என்கின்றன. தாட்சரையும் பிளேரையும் பற்றிய கட்டுரைகளோ அவர்கள் அதிபர்களைப் போல ஆண்டதாகச் சொல்கின்றன. எதை ஏற்பது? ஒரு பிரதமரின் தலைமைப் பாணியை ஆராய விரும்பினால் எந்தச் சான்றுகளைத் தேட வேண்டும்?

பதில்: முதலில் பதவியை எடுத்துக்கொள்வோம். 1721-இல் ராபர்ட் வால்போல் கருவூலத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றதிலிருந்து இப்பதவியின் வரலாற்றைக் கணக்கிடுவது வழக்கம். ஆனால் அதைத் தோற்றுவித்த சட்டம் என்று எதுவும் இல்லை. அமைச்சர்களை நியமிப்பது, நீக்குவது, துறைகளை மாற்றுவது, அமைச்சரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை முடிவு செய்வது, குழுக்களை அமைப்பது ஆகியவை மரபாலும் மன்னரின் சிறப்புரிமையாலும் (மன்னர் பெயரில் அமைச்சர்கள் செலுத்தும் அதிகாரம்) பிரதமரின் கைக்கு வந்தவை. தேர்தல் நாளைக் குறிக்கும் உரிமையை 2011-ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது, 2022-ஆம் ஆண்டுச் சட்டம் திருப்பித் தந்தது. சிறப்புரிமைக்கும் எல்லை உண்டு: நாடாளுமன்றக் கூட்டத்தொடரை ஐந்து வாரங்களுக்கு முடித்துவைக்க போரிஸ் ஜான்சன் அரசிக்கு வழங்கிய ஆலோசனை சட்டவிரோதமானது என்று 24 செப்டம்பர் 2019 அன்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்.

இந்தப் பட்டியல் ஏறத்தாழ எல்லாப் பிரதமர்களுக்கும் பொதுவானது. பதினொரு ஆண்டுகள் ஆண்ட தாட்சரிடமும் 49 நாள்களில் பதவியிழந்த லிஸ் டிரஸ்ஸிடமும் இதே அதிகாரங்கள்தாம் இருந்தன. ஆகவே உங்கள் கட்டுரை அதிகாரப் பட்டியலில் தொடங்கலாம், அதிலேயே நின்றுவிடக் கூடாது. பிரதமரின் வலிமை பெரும்பாலும் சக அமைச்சர்களிடமும் கட்சி உறுப்பினர்களிடமும் வாங்கிய கடன். அதை ஒருவர் எப்படிச் செலவிடுகிறார் என்பதைத்தான் தலைமைப் பாணி என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இதற்கு மிகத் தெளிவான சான்று மார்கரெட் தாட்சர். 1979-இல் அவர் அமைத்த முதல் அமைச்சரவையில் அவருடைய பொருளாதாரக் கொள்கையை ஐயத்துடன் பார்த்தவர்கள் பலர் இருந்தனர். 1981-இல்தான் அவர்களுள் சிலரை நீக்கினார். 1983 தேர்தல் அவருக்கு 144 இடப் பெரும்பான்மையைத் தந்த பிறகு, விவாதத்தின் தொடக்கத்திலேயே தம் முடிவைச் சொல்லிவிட்டு மற்றவர்களை மறுக்கச் சொல்லும் அவருடைய பாணி மேலும் இறுகியது. அதற்கான விலையும் கூடிக்கொண்டே வந்தது. ஹெலிகாப்டர் நிறுவனமொன்றின் எதிர்காலம் குறித்த பிணக்கில் 1986-இல் பாதுகாப்பு அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைன் அமைச்சரவைக் கூட்டத்தின் நடுவிலேயே எழுந்து வெளியேறினார். 1989-இல் பிரதமரின் பொருளாதார ஆலோசகரை முன்னிட்டு நிதியமைச்சர் நைஜல் லாசன் விலகினார். 1 நவம்பர் 1990 அன்று, தொடக்கம் முதல் உடனிருந்த துணைப் பிரதமர் ஜெஃப்ரி ஹவ் ராஜினாமா செய்தார். தலா வரியால் தொகுதிகளில் எழுந்த கோபம் உறுப்பினர்களை ஏற்கெனவே கலங்கடித்திருந்தது. நவம்பர் 20 அன்று நடந்த கட்சித் தலைமைத் தேர்தலில் தாட்சருக்கு 204 வாக்குகளும் ஹெசல்டைனுக்கு 152 வாக்குகளும் கிடைத்தன. முதல் சுற்றிலேயே வெல்ல விதி கேட்ட இடைவெளிக்கு நான்கு வாக்குகள் குறைவு. அமைச்சர்களைத் தனித்தனியே அழைத்துக் கேட்டபோது, அவர் வெல்ல முடியாது என்றே பெரும்பாலோர் சொன்னார்கள். 22-ஆம் தேதி விலகலை அறிவித்தார். அதே நாளில் எதிர்க்கட்சி கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை அவருடைய அரசு 120 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தது என்பதைக் கட்டுரையில் தவறாமல் குறிப்பிடுங்கள். நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையில் அரசுக்குப் பெரும்பான்மை இருந்தது, பிரதமருக்குத்தான் ஆதரவில்லை.

இதற்கு நேரெதிராகக் காட்டப்படுபவர் 1945 முதல் 1951 வரை பிரதமராக இருந்த கிளமெண்ட் அட்லி. தம் அமைச்சரவையிலிருந்த பெவின், கிரிப்ஸ், மாரிசன், பெவன் போன்ற பெரும் ஆளுமைகளைப் பேசவிட்டு, இறுதியில் சுருக்கமாக முடிவைச் சொல்வார். 1947-இல் அவரிடமே வந்து பெவினைப் பிரதமராக்கலாம் என்றார் கிரிப்ஸ்; பெவினுக்கு அதில் விருப்பமில்லை என்பதை உறுதிசெய்துகொண்ட அட்லி, கிரிப்ஸுக்குப் பொருளாதார விவகாரப் பொறுப்பைக் கொடுத்து அனுப்பினார். எதிர்ப்பாளருக்கு வேலை கொடுத்து அடக்குவதும் ஒரு பாணிதான்! ஆயினும் 'கூட்டாக ஆண்டவர்' என்ற முத்திரையை அவசரப்பட்டுக் குத்த வேண்டாம். அணுகுண்டு செய்யும் முடிவை அதே ஆண்டு ஜனவரியில் எடுத்தது முழு அமைச்சரவை அல்ல. அட்லி தேர்ந்தெடுத்த சில அமைச்சர்களைக் கொண்ட ஒரு சிறு குழு.

டோனி பிளேரிடமும் இப்படி இரண்டு முகங்களைக் காணலாம். 1997-இல் 179 இடப் பெரும்பான்மையுடன் வந்தவர், இங்கிலாந்து வங்கிக்கு வட்டி விகிதச் சுதந்திரம் அளிக்கும் முடிவை நிதியமைச்சர் கார்டன் பிரௌனுடன் சேர்ந்து எடுத்தார். அமைச்சரவை முதன்முறை கூடுமுன்பே அது அறிவிக்கப்பட்டது. ஈராக் போருக்கு முந்தைய முடிவெடுப்பில் முறையான கூட்டங்களும் ஆவணங்களும் குறைந்திருந்ததை 2004-இல் பட்லர் விசாரணைக் குழு குறை கூறியது. 18 மார்ச் 2003 வாக்கெடுப்பில் அவருடைய கட்சியினர் 139 பேர் எதிர்த்தும் அவர் வென்றார். ஆனால் அதே ஆண்டு ஜூனில், பிளேர் பெரிதும் விரும்பிய யூரோ நாணயத்துக்கான தகுதிகள் நிறைவேறவில்லை என்று பிரௌனின் கருவூலம் அறிவித்தபோது, அதை மீற அவரால் இயலவில்லை. போருக்குப் போக முடிந்த பிரதமரால் தம் நிதியமைச்சரைத் தாண்ட முடியவில்லை என்றால், அதிபர் என்ற ஒப்புமை எவ்வளவு தூரம் செல்லும்? அதிபர் ஒருவர் தம் நிதித்துறைச் செயலரைத் தயங்காமல் மாற்றிவிடலாம். பிரௌனுக்குக் கட்சிக்குள் சொந்தப் படையே இருந்தது.

இனி, சான்றுகள். ஒரு பிரதமரின் முழு ஆட்சிக்காலத்தையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒன்றிரண்டு முடிவுகளைத் தேர்ந்துகொண்டு, யாருக்கு எப்போது தெரிந்தது, மறுக்கும் நிலையில் யார் இருந்தார்கள், மறுத்தவருக்கு என்ன நேர்ந்தது என்று தொடர்ந்து செல்லுங்கள். லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் அமைச்சரவைக் குறிப்புகள் இருக்கின்றன. 30 ஆண்டுகளாக இருந்த மறைவுக் காலம் 20 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டிருப்பதால் பிளேர் காலத்துத் தாள்களிலும் கணிசமானவை வெளிவந்துள்ளன. நாடாளுமன்ற விவாதங்களை இணையத்திலேயே படிக்கலாம். ஹவ்வின் விலகல் உரையை முழுமையாக வாசியுங்கள். முன்னாள் அமைச்சர்களின் நினைவுக்குறிப்புகள் சுவையானவை, ஆனால் அநேகமாக எல்லாமே தன்னிலை விளக்கங்கள். ஒருவர் சொல்வதை அவருடைய எதிரி எழுதியதோடு ஒப்பிட்ட பிறகே எடுத்தாளுங்கள். உங்களுக்கு ஒரே ஓர் ஆய்வுப் பொருளைப் பரிந்துரைக்கச் சொன்னால், 2003-இல் ஈராக், யூரோ ஆகிய இரண்டையும் அருகருகே வைத்து எழுதச் சொல்வேன்: ஒரே பிரதமர், ஒரே பெரும்பான்மை, மூன்று மாத இடைவெளி.