குந்தா அணையும் ஐ.நா. சாசனமும்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: கோவையில் பி.எல். கடைசி வருடம் படிக்கிறேன். நாடுகள் ஒன்றின் மீது ஒன்று நடத்தும் சைபர் தாக்குதல் பற்றிய சட்டத்தில் பிஎச்.டி. முடித்து, கல்லூரியில் பாடம் நடத்த ஆசை. கோடிங் கற்றாக வேண்டுமா? எங்கே தொடங்குவது?
- வாசகி, மஞ்சூர், நீலகிரி

பதில்: கோடிங் வேண்டாம். சர்வர், லாக், மால்வேர் என்றால் என்ன, ஒரு ஐ.பி. முகவரியை வைத்து எதை நிரூபிக்கலாம், எதை முடியாது என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். 2000-ஆம் ஆண்டு ஐ.டி. சட்டம் உள்நாட்டு விவகாரம். நீங்கள் கேட்பதற்கு அஸ்திவாரம் ஐ.நா. சாசனமும், சர்வதேச சட்ட ஆணையம் 2001-இல் முடித்த அரசுப் பொறுப்பு விதிகளும்தான். எந்தச் செயலுக்கு ஒரு நாடு பொறுப்பாகும் என்று சொல்பவை இந்த விதிகள்.

உங்கள் ஊர்ப் பக்கத்துக் குந்தா மின்நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். வேற்று நாட்டு உளவுத்துறை ஆபீஸ் கம்ப்யூட்டரில் புகுந்து ஃபைல்களை நகலெடுத்தால் அது உளவு. உளவு பார்ப்பதையே தடைசெய்யும் பொதுவிதி சர்வதேச சட்டத்தில் கிடையாது. டர்பைனை நிறுத்திவிட்டால்? இறையாண்மை மீறலா என்ற சண்டை ஆரம்பம். இறையாண்மை என்பது தனியே மீறக்கூடிய விதி அல்ல என்றது பிரிட்டன், 2018-இல். மறு வருடமே பிரான்ஸ் அதற்கு நேர்மாறாக எழுதியது. மதகைத் திறந்துவிட்டு உயிர்ச்சேதம் ஆனால், வேறு நாட்டின் மீது பலத்தைப் பிரயோகிக்கக் கூடாது என்கிற சாசனத்தின் 2(4) பிரிவு வரும். இனி, செய்தவன் கூலிக்கு அமர்த்திய ஹேக்கர் என்று வையுங்கள். அவன் செயலை அந்த அரசின் தலையில் எப்படிக் கட்டுவது? அதற்குத்தான் சர்வதேச நீதிமன்றத்தின் 1986 நிகராகுவா தீர்ப்பில் வரும் கட்டுப்பாட்டு அளவுகோல், அதாவது அந்தச் செயலை அரசே கட்டுப்படுத்தி நடத்தியதா என்ற சோதனை. நோட்ஸை நம்பாமல் தீர்ப்பையே படியுங்கள்.

சைபர் தாக்குதலுக்கு சர்வதேச சட்டம் எப்படிப் பொருந்தும் என்று சொல்லும் தாலின் கையேட்டின் 2017 பதிப்பில் 154 விதிகள். அது ஒப்பந்தம் அல்ல, நிபுணர் குழுவின் கருத்து. 'தாலின் விதிப்படி சட்டவிரோதம்' என்று எழுதும் மாணவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். ஒவ்வொரு விதிக்கும் கீழே உள்ள விளக்கத்தில் நிபுணர்கள் எங்கே ஒத்துப்போகவில்லை என்று குறித்துவையுங்கள், பிஎச்.டி. தலைப்பு அங்கே கிடைக்கும். 'சைபர் போரும் சர்வதேச சட்டமும்' என்ற தலைப்போடு போனால் எந்த வழிகாட்டியும் திருப்பி அனுப்பிவிடுவார்.

எல்.எல்.எம். சேர்க்கைக்கான கிளாட் பி.ஜி. நுழைவுத் தேர்வைக் கடைசி வருட மாணவர்களும் எழுதலாம். 120 கேள்விகள், தவறான விடைக்கு கால் மார்க் போகும். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் எல்.எல்.எம். ஒரே வருடம், திருச்சியிலும் ஒன்று இருக்கிறது. சேருமுன் சர்வதேச சட்டம் யார் எடுக்கிறார் என்று விசாரியுங்கள், கட்டடத்தைப் பார்க்காதீர்கள். பிறகு கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான நெட், 300 மார்க், மைனஸ் மார்க் இல்லை, எதையும் விடாமல் எழுதுங்கள். அதிலேயே ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் பிஎச்.டி. காலத்தில் கைச்செலவுக்கு வீட்டை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

கேள்வி: வெலிங்டன் ராணுவக் கல்லூரியில் இதைப் படிக்க முடியாதா?
- வாசகர், குன்னூர்

பதில்: பக்கத்தில் இருக்கிறது என்பதால் தோன்றுவது நியாயம்தான். ஆனால் அது பணியில் உள்ள அதிகாரிகளுக்கான பயிற்சிக் கல்லூரி. மாணவர்கள் விண்ணப்பித்துச் சேர முடியாது.