வாசகர் கேள்வி – பதில்: ஒரே ஒளிநாரில் ஆறு சென்சர்கள்

கேள்வி: குளத்துத் துருசின் (நீர் திறக்கும் மதகின்) இரும்புக் கதவில் ஆறு பிராக் கிரேட்டிங் சென்சர்களை (ஒவ்வொன்றும் ஓர் அலைநீள ஒளியை மட்டும் தெறிக்கும்; சூட்டிலும் இழுவையிலும் அந்த அலைநீளம் நகரும்) ஒரே ஒளிநாரில் ஒட்டியிருக்கிறோம். அலைநீள இடைவெளி 1 நனோமீற்றர். மூன்றாவது (1549 நனோமீற்றர்) வெயிலில், நாலாவது (1550) தண்ணீருக்குள். காலையில் சரி, மத்தியானத்தில் நாலாவது தாறுமாறாகக் காட்டுகிறது. பழுதா?
– வாசகர், முத்தையன்கட்டு

பதில்: நாலாவதில் பழுதில்லை. அதன் மேல் மூன்றாவது ஏறி நிற்கிறது. நாரில் ஒளியை அனுப்பித் திரும்புவதை அளக்கும் உங்கள் கருவி, சென்சரை அலைநீளத்தை வைத்துத்தான் அடையாளம் காணும். நாரில் எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

இரும்பில் ஒட்டிய கிரேட்டிங், இரும்பின் விரிவும் சேர, வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் கூட ஏறக்குறைய 24 பிக்கோமீற்றர் (0.024 நனோமீற்றர்) நகரும். விடியற்காலை 25 பாகையில் இருந்த கதவு வன்னி வெயிலில் 60 பாகையைத் தொட்டால் நகர்வு 0.84 நனோமீற்றர். 1549 போய் 1549.84 ஆகிவிடும். நீருக்குள் இருப்பது அசையாது. திரும்பும் ஒளியில் ஒவ்வொரு சென்சரும் காட்டும் உச்சியின் அகலமே 0.2, 0.3 நனோமீற்றர் என்பதால் இரண்டும் உரசத் தொடங்கும். கருவிக்குக் கிட்ட இருக்கும் மூன்றாவது 90 சதவீதம் தெறிப்பதாக இருந்தால், அந்த அலைநீளத்தில் பின்னே போவது 10 சதவீதம்; திரும்பும்போது அதிலும் பத்தில் ஒன்றுதான் தப்பும். ஒரு பக்கம் அரிக்கப்பட்ட உச்சியின் நடுவைக் கருவி தவறாகக் கணிக்கிறது.

உறுதிப்படுத்த, காலையில் மூன்றாவதன் மேல் சுடுநீரில் நனைத்த துணியை வைத்து அலைமாலையை (எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி என்ற வரைபடத்தை) திரையில் பாருங்கள். மூன்றாவது நகர்ந்து வந்து தொடும்போதுதான் நாலாவது குழம்பினால் காரணம் இதுவே.

ஒட்டியதன் அலைநீளத்தை மாற்ற முடியாது. மூன்றாவதை வேறு நாரில், கருவியின் இரண்டாவது சனலுக்கு (நார் செருகும் தனி வழிக்கு) கொண்டுபோங்கள். ஸ்பிளிற்றர் (ஒளியை இரண்டு நாராகப் பிரிக்கும் துண்டு) போட்டுப் பிரிப்பது வீண்செலவு: இரண்டு ஒளியும் திரும்ப ஒரே டிடெக்டரில், அதாவது ஒளியை உணரும் பகுதியில்தான் விழும். அடுத்த தடவை 5 நனோமீற்றர் இடைவெளி கேட்டு வாங்குங்கள். 1510 முதல் 1590 வரை பார்க்கும் கருவியில் ஆறுக்குத் தாராளமாக இடமுண்டு. பக்க உச்சிகள் (பிரதான உச்சியின் இருபுறமும் எழும் சிறு உச்சிகள்) அடக்கப்பட்ட கிரேட்டிங்காகவும் இருக்கட்டும்.

கேள்வி: இப்படிச் சென்சர் ஒட்டிய ஒளிநாரின் கடைசி முனையை அப்படியே விடலாமா?
– வாசகர், மாங்குளம்

பதில்: கூடாது. நேராக வெட்டிய முனை 3.5 சதவீத ஒளியைத் திருப்பியனுப்பும். தெறிப்புக் குறைந்த சென்சர்கள் அதில் அமுங்கிவிடும். 8 பாகை சரிவாக வெட்டுங்கள். சாதாரண நாரென்றால் மெல்லிய பென்சிலில் ஐந்து சுற்றுச் சுற்றினாலும் போதும். வளைவு தாங்கும் ஜி.657 நாரில் சுற்றை நம்பவேண்டாம். பச்சைக் கனெக்டரை (முனை சரிவானது) நீலத்தோடு (முனை நேரானது) செருகாதீர்கள், இடையில் காற்று நின்று அங்கேயும் தெறிக்கும். செம்மண் தூசு படிந்த முனையை ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்த பிறகே செருகவேண்டும்.