அகிலமும் வெளியுறவு ஆணையமும்: இரு போர்களுக்கு இடைப்பட்ட காலம் குறித்த கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, சோவியத் அரசு ஒருபுறம் ஜெர்மனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டது, மறுபுறம் அந்த ஜெர்மன் அரசையே கவிழ்க்கவும் முயன்றது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படிச் சாத்தியமாயிற்று?

பதில்: மாஸ்கோவுக்கு அன்று வெளியுலகை நோக்கி இரண்டு வாசல்கள் இருந்தன. சிச்சேரின் தலைமையிலான வெளியுறவு மக்கள் ஆணையம் அரசுகளோடு பேசியது. 1919 மார்ச்சில் தொடங்கப்பட்டு சினோவியேவ் தலைமையில் இயங்கிய கம்யூனிஸ்ட் அகிலம் (மூன்றாம் அகிலம்), அதாவது பல நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பு, அந்தந்த நாட்டுக் கட்சிகளோடு பேசியது. முதல் வாசல் வழியாக 1922 ஏப்ரல் 16 அன்று இத்தாலியின் ரப்பல்லோவில் ஜெர்மனியுடன் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. முதல் உலகப் போருக்குப் பிந்தைய வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மன் ராணுவத்துக்குத் தடைசெய்திருந்த விமானப் பயிற்சி ரஷ்யாவின் லிபெட்ஸ்கிலும், டாங்கிப் பயிற்சி கசானிலும் பிற்பாடு ரகசியமாக நடந்தது இந்த உறவின் நிழலில்தான்.

இரண்டாம் வாசல் வழியாக 1923 அக்டோபரில் ஜெர்மன் எழுச்சிக்குத் திட்டம் போனது. கெம்னிட்ஸில் அக்டோபர் 21 அன்று கூடிய தொழிலாளர் மாநாட்டில் பொது வேலைநிறுத்தத்துக்கு ஆதரவு கிடைக்கவில்லை என்றதும் ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் பிராண்ட்லர் திட்டத்தைக் கைவிட்டார். ஆனால் ஹாம்பர்க்கில் மட்டும் 23ஆம் தேதி விடியற்காலையில் தோழர்கள் காவல் நிலையங்களுக்குள் புகுந்து துப்பாக்கிகளைப் பறித்து, வேறு எந்த ஊரும் எழாத நிலையில் தனியே நின்று போராடி ஒடுக்கப்பட்டார்கள். பழி முழுவதும் பிராண்ட்லர் தலையில் விழுந்தது. மாஸ்கோவின் கணிப்பே பிசகியதா என்று கேட்க ஆளில்லை. 1926இல் பெர்லினில் இரு அரசுகளும் நட்பை மீண்டும் உறுதிப்படுத்திக்கொண்டன.

கேள்வி: சினோவியேவ் கடிதம் என்பது உண்மைதானா?

பதில்: போலி. பிரிட்டன் கம்யூனிஸ்டுகளைக் கிளர்ச்சிக்குத் தூண்டி சினோவியேவ் எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதம் அது. 1924 அக்டோபர் 25 அன்று, பிரிட்டன் பொதுத்தேர்தலுக்கு நான்கே நாள் இருக்கையில் டெய்லி மெயில் இதழ் அதை வெளியிட்டது. ஆட்சியிலிருந்த தொழிற்கட்சி தோற்றதற்கு அதுவே காரணம் என்பது மிகை. அக்கட்சியின் வாக்குகள் முந்தைய தேர்தலைவிடக் கூடத்தான் செய்தன. உண்மையில் சரிந்தது லிபரல் கட்சி.

கேள்வி: சமூக ஜனநாயகவாதிகளைச் ‘சமூக பாசிஸ்டுகள்’ என்று முத்திரை குத்தி இட்லருக்கு வழிவிட்டது ஸ்டாலின்தானே? இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

பதில்: கொஞ்சம் இருக்கிறது. 1928இல் கூடிய அகிலத்தின் ஆறாவது மாநாடு, முதலாளித்துவம் தன் நெருக்கடியின் ‘மூன்றாம் கட்டத்தில்’ நுழைந்துவிட்டது என்று அறிவித்து, சமூக ஜனநாயகத்தைப் பிரதான எதிரிகளின் வரிசைக்குக் கொண்டுவந்தது உண்மை. ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சி பிரான்சோடு இணக்கத்தை நாடியதால் ரப்பல்லோ உறவுக்கு இடையூறாகத் தெரிந்தது என்ற வெளியுறவுக் கணக்கும் இதில் கலந்திருந்தது.

ஆனால், மாஸ்கோவிலிருந்து வந்த சொல் பெர்லினில் ஏன் அவ்வளவு எளிதாக வேர்பிடித்தது? 1929 மே தினத்தன்று, தடையை மீறி ஊர்வலம் வந்தவர்கள்மீது பெர்லின் போலீஸ் சுட்டது. வெட்டிங், நாய்க்கேல்ன் பகுதிகளில் சில நாள் நீடித்த மோதலில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். போலீஸ் தலைவர் சேர்கீபல் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். தெருவில் பிணத்தைப் பார்த்தவனிடம் ‘அவர்களும் நம் தொழிலாளிகள்தான்’ என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது. போதாக்குறைக்கு, கம்யூனிஸ்ட் கட்சியில் வேலையற்றோர் பெருகிக்கொண்டிருந்தார்கள்; ஆலைக்குள் இன்னும் வேலையில் இருந்தவர்களும் தொழிற்சங்கங்களும் பெரும்பாலும் மறுகட்சியின் பக்கம் இருந்தார்கள். ஒரே தெருவின் இரு வீட்டார்கூடத் தினமும் முகம் பார்க்க வேண்டிய தேவை அற்றுப்போயிருந்தது.

இதையெல்லாம் சொல்வது அந்தக் கொள்கையை நியாயப்படுத்துவதற்காக அல்ல. 1932 நவம்பர் தேர்தலில் நாஜிகள் பெற்றது 33.1 விழுக்காடு, 196 இடங்கள். சமூக ஜனநாயகவாதிகளும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து 37 விழுக்காட்டுக்கு மேல், 221 இடங்கள். அதே வாரத்தில் பெர்லின் போக்குவரத்து வேலைநிறுத்தத்தில் கம்யூனிஸ்டுகள் நாஜிகளோடு ஒரே பக்கம் நின்றார்கள். ஸ்டாலினால் நாடுகடத்தப்பட்டு துருக்கியின் பிரிங்கிப்போ தீவில் இருந்த டிராட்ஸ்கி, இரு கட்சிகளும் சேர்ந்து நாஜிகளுக்கு எதிராக ஐக்கிய முன்னணி அமையுங்கள் என்று எழுதிக்கொண்டே இருந்தார். அவர் சொன்னார் என்பதே அதை நிராகரிக்கப் போதுமான காரணமாயிற்று.

கேள்வி: சமூக ஜனநாயகவாதிகளை எதிரிகளாகக் கண்ட அகிலம் 1935இல் அவர்களோடு கூட்டுச் சேரச் சொன்னது. இந்தத் திருப்பம் மனமாற்றமா, தந்திரமா?

பதில்: இரண்டையும் பிரிக்க முடியாது என்பது என் கருத்து. 1934 செப்டம்பரில் சோவியத் யூனியன் ஐ.நா.வின் முன்னோடியான சர்வதேச சங்கத்தில் சேர்ந்தது. 1935 மே மாதம் பிரான்சுடன் பரஸ்பர உதவி ஒப்பந்தம் ஏற்பட்டது. அந்த மாதமே, பிரான்சின் தேசப் பாதுகாப்புக் கொள்கையை முழுமையாக ஏற்பதாக ஸ்டாலின் சொன்னார் என்ற அறிக்கை வெளிவரவே, அதுவரை ராணுவச் செலவை எதிர்த்துவந்த பிரெஞ்சுத் தோழர்கள் திகைத்துப்போனார்கள். பாசிசத்துக்கு எதிராகப் பிற கட்சிகளோடு சேரும் மக்கள் முன்னணியை முறைப்படி அங்கீகரித்த அகிலத்தின் ஏழாவது மாநாடு அதற்குப் பிறகு, ஜூலையில்தான் கூடியது. இருந்தாலும் பாரிஸ் தொழிலாளர்கள் 1934 பிப்ரவரியிலேயே தெருவில் ஒன்றுசேர்ந்துவிட்டார்கள் என்பதை மறக்கக் கூடாது.

கேள்வி: இந்தத் திருப்பங்கள் நம் பக்கம் எட்டினவா?

பதில்: எட்டின. ஆறாவது மாநாட்டுக்குப் பின் காங்கிரஸை விட்டு விலகி நின்ற இந்தியக் கம்யூனிஸ்டுகள், ஏழாவது மாநாட்டுக்குப் பின் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சி வழியாக உள்ளே வந்து வேலை செய்தார்கள். இலங்கையில் லங்கா சமசமாஜக் கட்சி 1939 டிசம்பரில் மூன்றாம் அகிலத்தின்மீது நம்பிக்கையில்லை என்று தீர்மானம் போட்டது. மாஸ்கோ சார்பாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

கேள்வி: சோவியத் யூனியனும் நாஜி ஜெர்மனியும் 1939 ஆகஸ்ட் 23 அன்று செய்துகொண்ட ஆக்கிரமிப்பின்மை ஒப்பந்தத்தை நம்பிக்கையான கட்சித் தோழர்கள் எப்படி எதிர்கொண்டார்கள்?

பதில்: பிரிட்டன் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலர் ஹாரி பாலிட் ஜெர்மனிக்கு எதிரான போரை ஆதரித்துச் சிறுநூல் எழுதினார். சில வாரங்களிலேயே, இது இரு தரப்பிலும் ஏகாதிபத்தியப் போர் என்ற ஆணை மாஸ்கோவிலிருந்து வந்தது. அக்டோபரில் அவர் பதவி இழந்தார். 1941இல் சோவியத் யூனியன் தாக்கப்பட்ட பிறகு மீண்டும் அதே நாற்காலிக்கு வந்தார்.

மாஸ்கோவில் தஞ்சம் புகுந்திருந்த ஜெர்மன் தோழர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. கட்சித் தலைவர்களுள் ஒருவரான ஹைன்ஸ் நாய்மன் 1937இலேயே சுடப்பட்டிருந்தார். கரகண்டா முகாமில் இருந்த அவருடைய துணைவி மார்கரெட் புபர்-நாய்மனை, 1940 பிப்ரவரியில் சோவியத் அதிகாரிகள் வேறு சிலரோடு பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க் எல்லைப் பாலத்துக்கு அழைத்து வந்தார்கள். பாலத்தின் மறுமுனையில் நாஜி அதிகாரிகள் காத்திருந்தார்கள். அடுத்த ஐந்து ஆண்டுகளை அவர் ராவன்ஸ்புரூக் முகாமில் கழித்தார்.