வி.பி.என் இணைந்தும் சாவகச்சேரிக் கிளையில் உள்ளகத் தளம் திறக்கவில்லை

சாவகச்சேரிக் கிளைக் கணினி வி.பி.என் (இணையத்தினூடாகத் தலைமை அலுவலக வலையமைப்புக்குள் நுழையும் பாதுகாப்பான வழி) இணைந்தும் அலுவலக உள்ளகத் தளம் திறக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். கிளையின் ரௌட்டரில் உள்ளக முகவரி வரிசையை (கணினிகளுக்கு ரௌட்டர் கொடுக்கும் எண் முகவரிகளின் தொடக்கப் பகுதி) 192.168.1 என்பதிலிருந்து 192.168.25 போன்ற வேறொன்றுக்கு மாற்றுங்கள். பிழை சேவையகத்தில் இருப்பதாகத் தெரியவில்லை.

யாழ்ப்பாணத் தலைமை அலுவலகத்தின் சேவையகம் 192.168.1.10 என்கிறீர்கள். கடையில் வாங்கும் ரௌட்டர்கள் பலவும் இதே வரிசையுடன்தான் வருவதால், கிளைக் கணினி அந்தச் சேவையகத்தைத் தன் அறைக்குள்ளேயே தேடுகிறது, கோரிக்கையை வி.பி.என் வழியாக அனுப்புவதேயில்லை. தனியார் வலையமைப்புகளுக்கென 1996ஆம் ஆண்டு இணையத் தொழில்நுட்ப ஆவணம் (RFC 1918) ஒதுக்கிய முகவரிகளை எவரும் பயன்படுத்தலாம் என்பதால் இந்த மோதல் மிகச் சாதாரணம்.

உறுதிப்படுத்த, அதே கணினியைக் கைபேசி ஹொட்ஸ்பொட்டில் இணைத்து, பின்னர் வி.பி.என் போட்டுப் பாருங்கள். கைபேசி தரும் முகவரி வேறு வரிசையாக இருந்து தளம் திறந்தால் காரணம் இதுவே. அப்போதும் திறக்காவிட்டால் பெயர்த் தீர்வையும் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் DNS) தீச்சுவரையும் (இணைப்புகளைத் தடுக்கும் பாதுகாப்பு firewall) பார்க்க வேண்டும்.

வரிசையை மாற்றியதும் நிலையான முகவரி கொடுத்த பிரிண்டர்கள் நின்றுவிடும். ஆகவே வேலை முடிந்த மாலையில் செய்யுங்கள். அவசரத்துக்காகச் சேவையகத்தைப் பொது இணையத்துக்குத் திறந்துவிடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்: ஊழியர்களின் சம்பளப் பட்டியலும் லீவு விண்ணப்பங்களும் அதில்தானே இருக்கின்றன.