டிகிரி, ரேடியன், மில்: நில அளவையாளரிடம் கேளுங்கள்

சிங்கப்பூரில் 31 ஆண்டுகள் நிலம் அளந்தவன் நான். கோண அலகுகள் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

உயர்நிலை மூன்று மாணவி, ஈசூன்: டிகிரியை ரேடியனாக மாற்றுவது எப்படி ஐயா?
180ஆல் வகுத்து, பையால் (π) பெருக்கு அம்மா. 60 டிகிரி என்றால் பையில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 1.047. ரேடியனை டிகிரியாக்க, 180ஆல் பெருக்கிப் பையால் வகுக்க வேண்டும்.

உட்லண்ட்ஸ்: சைன் 30க்குக் கால்குலேட்டர் −0.988 காட்டுகிறது. பழுதா?
பழுதில்லை. அது 30 ரேடியனுக்கு உரிய விடை. கணக்கைத் தொடங்குமுன் திரையின் மேல்வரியில் எந்த அலகு இருக்கிறது என்று பாருங்கள். டிகிரியில் வைத்தால் 0.5 வரும்.

சிராங்கூன்: 1°22′ என்பதை 1.22 என்று எழுதலாமா?
கூடவே கூடாது. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். 22ஐ 60ஆல் வகுத்தால் 0.3667, ஆகவே 1.3667. நம் நில அளவை ஆயத்தொலை முறையின் தொடக்கப்புள்ளி ஏறத்தாழ 1°22′ வடக்கு, 103°50′ கிழக்கு. அந்த அகலக்கோட்டை 1.22 என்று எழுதினால் புள்ளி 16 கிலோமீட்டர் தெற்கே போய், செந்தோசாவுக்கு அப்பால் கடலில் விழும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் 87°12′ என்பதை 87.12 என்று பதிந்துவிட்டேன். ஐம்பது மீட்டர் தூரத்தில் முளைக்குச்சி ஏழு சென்டிமீட்டர் தள்ளி நின்றது. செம்மண் இறுகிப் போயிருந்ததால் அந்த முளையைப் பிடுங்கவே இருவர் வேண்டியிருந்தது. அன்று முதல் நிமிடத்தை வகுக்காமல் எதையும் பதிவதில்லை.

தேசிய சேவையாளர்: திசைகாட்டியில் 6400 வரை எண்கள் இருக்கின்றனவே?
அவை மில், தம்பி. ஒரு மில் 0.05625 டிகிரி. அந்தக் கோணம் ஒரு கிலோமீட்டர் தொலைவில் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம் விரியும். மில்லிரேடியன் என்பது ரேடியனில் ஆயிரத்தில் ஒரு பங்கு; முழு வட்டத்துக்கு உண்மையில் சுமார் 6283 மில்லிரேடியன்தான். வகுக்க எளிதாக இருக்கவே 6400 ஆக்கினார்கள்.

தெம்பனிஸ்: பை என்றால் 180 தானே? துணைப்பாட ஆசிரியர் அப்படித்தான் சொன்னார்.
இல்லை. பை 3.14159. பை *ரேடியன்*தான் 180 டிகிரி.

மீண்டும் தெம்பனிஸ்: விடை சரியாக வந்தால் போதாதா?
வராதே! 10 மீட்டர் ஆரம், மூன்றில் ஒரு பங்கு பை ரேடியன் கோணம். வில்லின் நீளம் 10.47 மீட்டர். பைக்குப் பதில் 180 போட்டால் 600 மீட்டர். 400 மீட்டர் ஓட்டப்பந்தயத் தடத்தை ஒன்றரை முறை சுற்றும் தூரம்! அலகை விழுங்கிவிட்டுச் சொல்லிக்கொடுப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் தீங்கு.

புக்கிட் பாத்தோக்: அப்படியானால் ரேடியனே எதற்கு? டிகிரியோடு நிறுத்தலாமே.
360 மனிதர் தேர்ந்தெடுத்த எண். ரேடியன் வட்டத்திலேயே இருப்பது. சாப்பாட்டுத் தட்டின் நடுவிலிருந்து விளிம்பு வரை நூலை நறுக்கி, அதையே விளிம்பில் வளைத்து வையுங்கள். அந்த வில் நடுவில் தாங்கும் கோணம் ஒரு ரேடியன், 57.2958 டிகிரி. ஆறு முறை வைத்தபின் சிறு இடைவெளி மிஞ்சும். இதைப் பிள்ளைகளைச் செய்யச் சொல்லுங்கள்.

ஜூரோங்: ரேடியனை டிகிரியாக்குவது எப்படி?
முதல் பதிலின் கடைசி வரி.

பொங்கோல்: பஞ்சாங்கத்தில் வரும் கலை, விகலை?
பாகையின், அதாவது டிகிரியின், நிமிடமும் நொடியும். பலன் அறியக் கோவில் அர்ச்சகரிடம் கேளுங்கள்.

ஈசூன், இன்னொருவர்: சைன் 45க்கு 0.85 வருகிறதே?
திரையின் மேல்வரியைப் பாருங்கள்.