சம்மதம் கேட்காமல் புகாரைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன், அண்மையில் ஓய்வு பெற்றேன். நர்சிங் ஹோமில் இருப்பவர்களுக்காகப் பேசும் ஆம்புட்ஸ்மேன் தன்னார்வலராக என்ன செய்ய வேண்டும்?

பதில்: 1972இல் சோதனையாகத் தொடங்கிய ஆம்புட்ஸ்மேன் திட்டம், 1978 முதல் எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயம். உங்கள் பகுதி அலுவலகம் எது என்று முதியோருக்கான உதவிகளைத் தேடித் தரும் எல்டர்கேர் லொக்கேட்டர் சேவையில் கேட்கலாம். விண்ணப்பம், நேர்காணல், குற்றப் பின்னணிச் சோதனை முடிந்ததும் 36 மணி நேரப் பயிற்சி. பிறகு ஆண்டுக்கு 18 மணி நேரத் தொடர் பயிற்சி. நெருங்கிய உறவினர் ஏதாவது இல்லத்தில் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த இல்லத்தை உங்களுக்கு ஒதுக்க மாட்டார்கள்.

போகும் நாளை இல்லத்துக்கு முன்கூட்டித் தெரிவிக்காதீர்கள். ஆள் பற்றாக்குறை சாப்பாட்டு வேளையிலும் வார இறுதியிலும்தான் வெளிப்படும். கதவைத் தட்டி, கேட்டுவிட்டு உள்ளே போங்கள். அது அங்கே வசிப்பவருடைய வீடு. அழைப்பு மணியும் தண்ணீர்க் கோப்பையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றனவா? மணி அடித்தால் எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறார்? கவனியுங்கள்.

புதியவர்கள் சறுக்குவது சம்மதத்தில்தான். 'ராத்திரி கழிவறைக்குக் கூட்டிப்போக யாரும் வருவதில்லை' என்கிறார் ஒருவர். நீங்கள் பதறி நேரே மேற்பார்வை நர்ஸிடம் போகிறீர்கள். சொன்னது யார் என்பது மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அடுத்த வாரம் அவர் 'எனக்கு ஒரு குறையும் இல்லை' என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனவே முதலில் கேளுங்கள்: என்ன மாறினால் போதும்? யாரிடம் பேசலாம்? உங்கள் பெயரைச் சொல்லலாமா? வேண்டாம் என்றால் பெயர் வெளியே போகக் கூடாது, சட்டமும் அதுதான். அதே குறையைப் பலர் சொன்னால் பெயரில்லாமல் பொதுப் பிரச்சினையாக எழுப்பலாம். மகள் ஒன்று கேட்டு, தெளிவாக முடிவெடுக்கக்கூடிய அப்பா வேறு கேட்டால், நீங்கள் அப்பா பக்கம். கொடுமை நடப்பதாகச் சந்தேகம் வந்தால் நீங்களாக எதுவும் செய்யாமல் அன்றே ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்தில் உள்ள உங்கள் மேலாளரிடம் சொல்லுங்கள்.

இல்லத்தைவிட்டு வெளியேற்றும் பேச்சு எழுந்தாலும் தாமதிக்காதீர்கள். பொதுவாக 30 நாள் முன்பே எழுத்தில் அறிவிப்பு தர வேண்டும். அதில் காரணமும் மேல்முறையீட்டு வழியும் இருக்க வேண்டும், நகல் ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்துக்கும் வர வேண்டும். மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு 'இனி இங்கே இடமில்லை' என்று கைவிரிப்பது வழக்கமான தந்திரம்.

படுக்கையிலிருந்து தூக்கி உட்காரவைக்கச் சொன்னால் செய்யாதீர்கள். மணியை அடித்து, ஆள் வரும்வரை கூடவே இருங்கள்.