வேலையில் கறுப்பினப் பெண்களுக்கு வழி திறந்துவிட ஒருவரால் தனியாக என்ன செய்ய முடியும்?

நிறையவே முடியும், மேரி ஜாக்சனைப் பாருங்கள். 1951-ல் அமெரிக்காவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் (பின்னால் நாசாவின் பகுதியானது), கறுப்பினப் பெண்களைத் தனியாக உட்காரவைத்த கணக்கீட்டுப் பிரிவில் சேர்ந்தவர். பொறியாளராக மேற்கொண்டு படிக்க வேண்டும், ஆனால் அந்த மாலை வகுப்புகள் வெள்ளையர் மட்டுமே படித்த ஹாம்ப்டன் உயர்நிலைப் பள்ளியில் நடந்ததால், உள்ளே நுழையவே நகர நிர்வாகத்திடம் தனி அனுமதி கேட்க வேண்டியிருந்தது. கேட்டார், வாங்கினார். 1958-ல் நாசாவின் முதல் கறுப்பினப் பெண் பொறியாளர் ஆனார்.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது அப்புறம் அவர் செய்ததுதான். 1979-ல் பொறியாளர் வேலையை விட்டு, பதவி இறங்கியும் பரவாயில்லை என்று, பெண் ஊழியர்களுக்கான திட்டத்தின் மேலாளராகப் போனார், மற்றப் பெண்களுக்கு வேலையும் பதவி உயர்வும் கிடைக்க வேண்டும் என்பதற்காக. நீங்கள் மேலே வந்துவிட்டவரா? சரி, அடுத்த பதவி உயர்வுக் கூட்டத்தில் ஒரு கறுப்பினப் பெண்ணின் பெயரை நீங்களே முதலில் சொல்லுங்கள்.